சட்டைக் கை பந்தில் பட்டது: சொல்ல வேண்டியது யார்?

குறுக்குத்துறை எழுதியது:

வண்ணார்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு ஸ்னூக்கர் சென்டரில் நானும் என் நண்பனும் ஞாயிறு மாலைகளில் ஆடுவது வழக்கம். பெரிய மேசை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. சின்ன மேசையில் எட்டுப்பந்து ஆட்டம்: ஆளுக்கு ஏழு பந்து, அவற்றை முடித்தபின் எட்டாம் நம்பர் கறுப்பைக் குழியில் போட்டவன் ஜெயித்தான். பந்தயம் கிடையாது. தோற்றவன் மேசைக் காசு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன வாரம் அவன் நீட்டிக் குனிந்து ஓர் அடி அடித்தான். மடித்துவிடாத முழுக்கைச் சட்டை. அதன் நுனி பன்னிரண்டாம் நம்பர் பந்தை உரசி அரை அங்குலம் நகர்த்திவிட்டது. அது என் பந்து. அவன் குறிவைத்தது குழியில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அப்படியே கறுப்பு வரைக்கும் போய் ஆட்டத்தை முடித்துவிட்டான். நான் காசு கொடுத்தேன்.

அவன் ஏமாற்றுகிறவன் இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். சட்டை பட்டது அவனுக்குத் தெரிந்ததா என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை. என் கேள்வி இதுதான். நடுவர் இல்லாத நட்பு ஆட்டத்தில், தெரியாமல் பட்ட ஃபவுலைச் செய்தவன் சொல்வதா, பார்த்தவன் சொல்வதா? பார்த்தவன் சொன்னால் அற்பத்தனமாகத் தெரியாதா?

கல்லிடை அப்பளம் எழுதியது:

தெரியும். நிச்சயமாக அற்பத்தனமாகத்தான் தெரியும். அரை அங்குலத்துக்கு வழக்குப் போட்டால், அடுத்த ஞாயிறு தனியாகத்தான் ஆட வேண்டியிருக்கும். கோலால் அடிக்கிற வெள்ளைப் பந்து குழியில் விழுந்தால் ஃபவுல், பந்து மேசையை விட்டுக் கீழே குதித்தால் ஃபவுல். மற்றதெல்லாம் டெலிவிஷனில் ஆடுகிறவர்களுக்கு. நாம் ஆபீஸ் விட்டு வந்து இரண்டு மணி நேரம் சிரித்துவிட்டுப் போகிறவர்கள்.

பழைய க்யூ எழுதியது:

தம்பி குறுக்குத்துறை, உங்கள் கேள்விக்கு விதிப் புத்தகத்தில் நேரான பதில் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு எல்லோரும் சண்டை போடுங்கள்.

நடுவர் நிற்கும் போட்டியில், உடம்போ உடையோ எந்தப் பந்தைத் தொட்டாலும் ஃபவுல். எதிராளிக்கு வெள்ளை கையில் வந்துவிடும். மேசையில் விரும்பிய இடத்தில் வைத்து அடிக்கலாம். நடுவர் இல்லாத ஆட்டத்துக்கு அதே உலக விதிகள் ஒரு தளர்வைத் தருகின்றன. வெள்ளையைத் தொட்டால் மட்டும் ஃபவுல் என்று வைத்துக்கொண்டு ஆடலாம். வேறு பந்து தெரியாமல் நகர்ந்தால் ஃபவுல் இல்லை. ஆனால் நகர்ந்த பந்து இன்னொரு பந்தில் மோதினாலோ, அது முன்பு இருந்த இடத்தின் வழியாக வேறு பந்து உருண்டு போனாலோ தளர்வு செல்லாது, அது ஃபவுல்தான். அப்படி எதுவும் நடக்காவிட்டாலும் ஒரு கடமை பாக்கி இருக்கிறது. பந்தைப் பழைய இடத்திலேயே வைப்பதா, கிடக்கிற இடத்தில் விடுவதா என்று எதிராளியிடம் கேட்க வேண்டும். முடிவு எதிராளியுடையது. கேட்காமல் அடுத்த அடி அடித்தால் அங்கே வெள்ளை கை மாறிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது, அது உங்களுக்குப் பிடிக்காது. அடுத்த அடி தொடங்கும் முன் யாரும் ஃபவுல் என்று சொல்லாவிட்டால், ஃபவுலே நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் பார்த்தீர்கள், வாய் திறக்கவில்லை. கணக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது.

கல்லிடை அப்பளம் எழுதியது:

அண்ணாச்சி, புத்தகத்தை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தை நம் ஊர் சென்டர்களில் யார் பார்த்திருக்கிறார்கள்? ஒரு கடையில் வெள்ளை கையில் வந்தால் எங்கும் வைக்கலாம். அடுத்த தெருவில் கோட்டுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். இன்னோர் இடத்தில் ஃபவுலுக்கு இரண்டு அடி. எந்தக் கடையோ அந்தக் கடைச் சட்டம்.

பழைய க்யூ எழுதியது:

அதனால்தான் முதல் அடிக்கு முன்னால் பேசிக்கொள்ள வேண்டும் என்கிறேன். வெள்ளை மட்டுமா, எல்லாப் பந்துமா? வெள்ளை கைக்கு வந்தால் எங்கே வைப்பது? ஒரு நிமிடம்கூட ஆகாது. க்யூ கோலின் நுனிக்குச் சாக் தடவுகிற நேரத்தில் முடிந்துவிடும்.

பெருமாள்புரத்துப் பெண் எழுதியது:

என் அனுபவம் நேர்மாறானது, சொல்லலாமா?

அண்ணன்மாருடனும் அவர்களுடைய நண்பர்களுடனும் ஆடுவேன். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டுதான் மேசைக்கு வருவேன். இருந்தாலும் சில நேரம் நுனி அவிழ்ந்து பந்தில் படும். பட்டவுடன் நானே சொல்வேன். உடனே, “பரவாயில்லைம்மா, விடு, அடி” என்பார்கள். அதே ஆட்கள் தங்களுக்குள் ஆடும்போது நூலிழை பட்டாலும் மேசையைத் தட்டிக் கத்துவார்கள். எனக்கு மட்டும் இந்தச் சலுகை எதற்கு? நான் தோற்றுவிட்டு அழுவேன் என்றா? இப்போதெல்லாம் வெள்ளையை எடுத்து அவர்கள் உள்ளங்கையில் வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். வாங்க மாட்டேன் என்றால் ஆட்டம் நின்றுவிடும்.

கல்லிடை அப்பளம் அண்ணன் சொல்லும் “சிரித்துவிட்டுப் போகிற” ஆட்டத்தில் யாருடைய ஃபவுல் கணக்கில் வரும், யாருடையது வராது என்பதற்கு ஒரு சட்டம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை யாரும் வாயால் சொல்வதில்லை.

மேசைக்காரர் எழுதியது:

இந்தப் பக்கத்தில் சின்ன மேசை இரண்டும் பெரிய மேசை ஒன்றும் வைத்து நடத்துகிறேன். கடை பெயர் வேண்டாம், விளம்பரம் என்பீர்கள்.

நாள் முழுக்க கல்லாவில் உட்கார்ந்து பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். தெரியாமல் நடக்கும் ஃபவுலில் பெரும்பாலானது ஆளின் கையால் நடப்பதில்லை, ஆளின் மேல் தொங்குகிறவற்றால் நடக்கிறது. கல்லூரிப் பையன்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு வருகிறார்கள். குனிந்தால் அட்டை போய்ப் பந்தின் மேல் உட்காருகிறது. வேட்டியை மடித்துக் கட்டியவர்கள் மேசை விளிம்பில் சாய்ந்தால் மடிப்பு அவிழ்ந்து விழுகிறது. கைக் காப்பு, வெள்ளிச் சங்கிலி, சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் போன். ஐயப்பன் சீசனில் மாலை போட்டவர்கள் வரும்போது துளசி மணிமாலை. அவர்களிடம் கழற்றுங்கள் என்று சொல்ல முடியுமா? சட்டைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்வேன். அடையாள அட்டைக்குச் சுவரில் கொக்கி அடித்து வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு சண்டை நன்றாகக் குறைந்திருக்கிறது.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அட்டை பட்டது அந்தப் பையனுக்குத் தெரியவே தெரியாது. அவன் கண் முழுக்க வெள்ளையின் மேல் இருக்கிறது. அவனே சொல்ல வேண்டும் என்று காத்திருந்தால் விடிய விடியக் காத்திருக்க வேண்டியதுதான். எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் தெரியும்.

குறுக்குத்துறை எழுதியது:

மேசைக்காரர் சொல்வது சரியாக என் நிலைமை. ஆனால் பார்த்தவன் சொல்வது அவ்வளவு லேசாக இல்லையே. காசு யார் கொடுப்பது என்ற கேள்வி நடுவில் நிற்கிறது. நான் ஃபவுல் என்றால், மேசைக் காசிலிருந்து தப்பிக்கத்தான் சொல்கிறேன் என்று அவனுக்குத் தோன்றாதா? அதுவும் நான் பின்தங்கி இருக்கும் நேரத்தில். முகத்தாட்சண்யம் என்று ஒன்று இருக்கிறது.

பழைய க்யூ எழுதியது:

முகத்தாட்சண்யம் நம் பக்கத்து நோய். தாமிரபரணித் தண்ணீரோடு வந்ததோ என்னவோ. முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். வீட்டுக்குப் போகும் வழியில் டீக்கடையில் நான்கு பேரிடம் சொல்வோம், இப்போது இணையத்தில் இழையும் தொடங்குகிறோம். கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. உங்கள் நண்பர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? அன்றைக்கே “மாப்பிள்ளை, சட்டை பட்டது, பந்தைப் பழைய இடத்தில் வைத்துவிடு” என்று கேட்டிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். வெள்ளையைக் கேட்க வேண்டும் என்றுகூட இல்லை.

தென்காசிச் சாரல் எழுதியது:

சட்டை, துப்பட்டா எல்லாம் எளிய வழக்குகள். யாராவது பார்த்திருப்பார்கள். இரட்டை அடிக்கு என்ன செய்வீர்கள்? அதுதான் எங்கள் குழுவில் நட்பைக் கெடுக்கிறது.

வெள்ளைக்கும் குறிப்பந்துக்கும் இடையில் சாக் கட்டியின் அகலம்கூட இல்லை. நேராக அடித்தால், வெள்ளை குறிப்பந்தில் மோதி வேகம் குறையும். பின்னாலேயே வரும் க்யூ நுனி அதை மறுபடியும் தொட்டுவிடும். ஃபவுல். அடித்தவன் “ஒரே அடிதான்” என்று சத்தியம் செய்கிறான். அவன் பொய் சொல்கிறான் என்று நான் நினைக்கவில்லை. க்யூ நுனி பந்தோடு ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். இரண்டு தொடுகை நடந்தாலும் கைக்கு ஒன்றாகவே தெரியும். “அடித்தவனுக்குத்தான் தெரியும், அவன் மனச்சாட்சிக்கு விட்டுவிடுவோம்” என்கிறார்களே, இங்கே மனச்சாட்சிக்கே தகவல் போய்ச் சேரவில்லை.

பழைய க்யூ எழுதியது:

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். இதற்குக் கையை நம்பக் கூடாது, பந்துகளைப் பார்க்க வேண்டும்.

எல்லாப் பந்தும் ஒரே அளவு, ஏறத்தாழ ஒரே எடை. வெள்ளை இன்னொரு பந்தை நேருக்கு நேர் முழுதாக மோதினால் தன் வேகத்தை அநேகமாக முழுவதும் கொடுத்துவிட்டு அது அங்கேயே தயங்க வேண்டும். மேல்பக்கம் அடித்திருந்தால் ஒரு கணம் நின்று, பிறகு சுழற்சியால் மெதுவாக முன்னேறும். அப்படித் தயங்காமல், குறிப்பந்தோடு ஜோடி போட்டுக்கொண்டு ஏறக்குறைய அதே வேகத்தில் வெள்ளையும் ஓடினால், க்யூ இரண்டாம் முறை தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். சத்தியம் தேவையில்லை.

விளிம்பில் மட்டும் உரசி அடித்தால் இந்தச் சிக்கல் வராது. அதை நல்ல அடி என்றே எடுத்துக்கொள்ளலாம். நேராகத்தான் அடித்தாக வேண்டும் என்றால் க்யூவின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக் குட்டையாகக் குத்த வேண்டும். பழகியவர்கள் அப்படித்தான் தப்பிக்கிறார்கள்.

முக்கியமானது ஒன்று. சந்தேகம் வரும் அடி எது என்பது அடிப்பதற்கு முன்பே தெரியும். பந்துகள் ஒட்டிக் கிடக்கின்றன, அவன் குனிகிறான். அப்போது “கொஞ்சம் பொறுங்கள்” என்று நிறுத்தி, பக்கத்து மேசையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவர் சொல்வதே தீர்ப்பு. முன்கூட்டியே கூப்பிடாமல் அடித்த பிறகு ஐயம் கிளப்பினால், அடித்தவர் சொல்லுக்கே விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம். அது நியாயமும்கூட.

கல்லிடை அப்பளம் எழுதியது:

பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டால் அவன் தீர்ப்போடு நிற்பானா? எப்படி அடித்திருக்க வேண்டும் என்று பாடம் நடத்துவான். கூடவே அவன் நண்பர்கள் மூவர்.

மேசைக்காரர் எழுதியது:

உண்மை. என்னைக் கூப்பிடுங்கள். பாடம் நடத்த எனக்கு நேரமில்லை.

பாளை ஸ்ட்ரைக்கர் எழுதியது:

கேரம்காரன் உள்ளே வரலாமா? எங்கள் பலகையில் இந்தத் தொல்லை குறைவு என்று நினைக்கிறேன், காரணம் சொல்கிறேன்.

கேரமில் ஆடுபவர்கள் பலகையைச் சுற்றியே உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோர் கண்ணும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் இரண்டு கோட்டையும் தொட்டிருக்கிறதா என்று எதிரே இருப்பவனுக்கும் தெரியும். ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் காய் ஒன்றைத் திருப்பி வைக்க வேண்டும். அதை மறைக்க வழியே இல்லை. நான்கு பேர் ஆட்டம் என்றால் சொந்தக் கூட்டாளியே “எடுத்து வை” என்று முதலில் சொல்வான். உங்கள் ஆட்டத்தில் ஒருவன் குனிந்து அடிக்கும்போது மற்றவன் போனைப் பார்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறான். பிறகு “நடுவர் இல்லை” என்று புலம்பல். நடுவர் இருக்கிறார், அவர் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயம் முதல், 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா வரைக்கும் தமிழ்நாட்டிலிருந்து எழுந்தவர்கள் இப்படிப்பட்ட பலகைகளைச் சுற்றி உட்கார்ந்துதான் பழகியிருப்பார்கள். பெருமை அடித்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை, மன்னியுங்கள்.

தென்காசிச் சாரல் எழுதியது:

கேரமில் சண்டையே இல்லை என்று சொல்ல வருகிறீர்களா? குற்றாலச் சீசனில் எங்கள் மொட்டைமாடிக்கு வாருங்கள், காட்டுகிறேன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கேரமில் தண்டனை ஒரு காய். எட்டுப்பந்தில் தண்டனை, சமயத்தில், முழு ஆட்டம்.

பழைய க்யூ எழுதியது:

சாரல் கடைசி வரியில் சொன்னதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். இதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பெரிய மேசையில் வளர்ந்தவன். ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரில் ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளிடையே பிறந்த ஆட்டம். விதிகள் ஒழுங்குபட்டது நம் ஊட்டி கிளப்பில். அந்த ஆட்டத்தில் தன் ஃபவுலைத் தானே சொல்வது மூச்சு விடுவதைப் போல ஒரு பழக்கம். தொலைக்காட்சியிலும் பார்த்திருப்பீர்கள். நடுவர் கவனிக்காததைக்கூட ஆடுபவர் கையைத் தூக்கிச் சொல்லிவிட்டு நாற்காலிக்குப் போவார். அவர்கள் எல்லோரும் அரிச்சந்திரன் வம்சமா என்று யோசித்தால், இல்லை என்றுதான் தோன்றுகிறது. பழக்கம் ஒரு காரணம். தண்டனையின் அளவும் ஒரு காரணம். ஸ்னூக்கரில் ஃபவுலுக்குக் குறைந்தது நான்கு புள்ளி, அதிகம் போனால் ஏழு. வெள்ளை குழிக்குள் போனாலோ மேசையை விட்டு விழுந்தாலோ அன்றி எதிராளி அதைக் கையில் எடுக்க முடியாது. கிடக்கிற இடத்திலிருந்தே ஆட வேண்டும். ஒப்புக்கொண்டு உட்கார்ந்தாலும் மறுபடி எழுந்து வர வாய்ப்பு இருக்கிறது.

எட்டுப்பந்தில் வெள்ளையை எங்கும் வைக்கலாம் என்ற விதியோடு ஆடினால், ஓரளவு தேறிய ஆட்டக்காரன் ஒரே வரிசையில் முடித்துவிடுவான். அரை அங்குல உரசலுக்கு ஆட்டமே போய்விடும். தண்டனை குற்றத்தை விடப் பெரிதாக இருந்தால் சொல்ல நாக்கு எழாது. பார்த்தவனுக்கும் கேட்கக் கூச்சமாக இருக்கும். நடுவர் இல்லாத ஆட்டத்துக்கு அந்தத் தளர்வு ரொம்பவும் பொருத்தம் என்று நான் கருதுவது இதனால்தான். பந்தைத் திருப்பி வைத்தால் போதும் என்றால் இரண்டு பேருக்கும் வாய் திறக்கும்.

பெருமாள்புரத்துப் பெண் எழுதியது:

அண்ணாச்சி, அப்படியென்றால் நேர்மை தண்டனையின் அளவைப் பொறுத்ததா? 1925 அமெரிக்க ஓப்பன் கோல்ஃபில் பாபி ஜோன்ஸ் தன் பந்து லேசாக அசைந்ததைத் தானே சொல்லி, ஓர் அடியைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அதனால் ஆட்டம் சமநிலைக்கு வந்து, பிளேஆஃபில் தோற்றார். பட்டமே போய்விட்டது. அவருக்குத் தண்டனை சிறியதாகவா இருந்தது?

கல்லிடை அப்பளம் எழுதியது:

நானும் ஒன்று சொல்கிறேன், என் கட்சிக்கு எதிராக இருந்தாலும். 1980 பிப்ரவரி, பம்பாயில் இங்கிலாந்துடன் பொன்விழா டெஸ்ட். பாப் டெய்லருக்கு நடுவர் அவுட் கொடுத்துவிட்டார். மட்டையில் படவில்லை என்று தெரிந்த நம் கேப்டன் விஸ்வநாத், முடிவைத் திரும்பப் பெறச் சொல்லி அவரைத் திரும்ப ஆட அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. என் அப்பா அந்தத் தோல்வியைப் பற்றி இன்றைக்கும் புலம்புவார். புலம்பி முடித்தவுடன், “ஆனால் விஸ்வநாத் மாதிரி யாரு?” என்பார். இந்த இரண்டையும் எப்படி ஒரே மூச்சில் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்ததில்லை.

பழைய க்யூ எழுதியது:

அம்மா, ஜோன்ஸும் விஸ்வநாத்தும் எந்தத் தண்டனைக்கும் அஞ்சாதவர்கள். மேசைக் காசு கட்ட வேண்டிய ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களுக்குத்தான் விதி தேவைப்படுகிறது. அவர்களுக்கு ஏற்றபடி அது இருந்தால் நல்லது என்கிறேன்.

இன்னொன்று. ஜோன்ஸ் சொன்னது தான் உணர்ந்ததை. உணராததைச் சொல்ல எந்த மகாத்மாவாலும் ஆகாது. சட்டைக் கை விஷயத்தில் பொறுப்பு பார்த்தவருடையதுதான். பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று நாமே பெயர் வைத்துக்கொள்கிறோம். மனதில் அதைக் குறித்து வைத்திருந்தால் அது பெருந்தன்மை இல்லை.

பெருமாள்புரத்துப் பெண் எழுதியது:

இதை ஏற்கிறேன். என் அண்ணன்மாருக்கு அனுப்பிவைக்கிறேன். அவர்களும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறவர்கள்தான், வேறு காரணத்துக்காக.

குறுக்குத்துறை எழுதியது:

நண்பனிடம் பேசினேன். சட்டை பட்டது அவனுக்குத் தெரியவே தெரியாதாம். “பார்த்தாயா, பார்த்துவிட்டா சும்மா இருந்தாய்?” என்று அவனுக்குத்தான் கோபம். இனி வெள்ளை மட்டும் ஃபவுல், மற்றது நகர்ந்தால் எதிராளி சொல்கிறபடி, வெள்ளை கைக்கு வந்தால் எங்கும் வைக்கலாம் என்று பேசிக்கொண்டோம். ஒட்டிக் கிடக்கும் பந்து வந்தால் கல்லாவிலிருந்து ஆளைக் கூப்பிடுவது. மேசைக் காசில்தான் உடன்பாடு வரவில்லை. பாதிப் பாதி என்கிறேன் நான். தோற்றவன்தான் என்கிறான் அவன்.

மேசைக்காரர் எழுதியது:

எனக்கு யார் கொடுத்தாலும் சரி. ஆனால் பார்த்தவரைக்கும் சொல்கிறேன். காசைச் சமமாகப் பிரித்துக்கொள்ளும் மேசைகளில் “பட்டது, பட்டது” என்று ஆடுபவரே சொல்லும் சத்தம் அடிக்கடி கேட்கும்.

கல்லிடை அப்பளம் எழுதியது:

பாதிப் பாதியா? அப்புறம் கறுப்பை அடிக்கும்போது கை எதற்கு நடுங்கும்? ஃபவுலைச் சொல்வதற்குக்கூட ஒப்புக்கொள்கிறேன், இதற்கு ஒப்புக்கொள்ள முடியாது. உங்கள் நண்பர் பக்கம்தான் நான். எந்த ஞாயிறு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், கல்லிடையிலிருந்து பஸ் ஏறி வருகிறேன். அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வருவேன்.